களைக்கொல்லி செடிக்குள் என்ன செய்கிறது? மைசூரு வயல்களை முன்வைத்து ஒரு விளக்கம்

மைசூரு: காவிரியும் கபினியும் பாயும் மைசூரு மாவட்டத்தில் நெல், கரும்பு, மக்காச்சோளம், பருத்தி, கேழ்வரகு, புகையிலை எனப் பல பயிர்கள் அருகருகே சாகுபடி செய்யப்படுகின்றன. களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகி, கூலியும் உயர்ந்துவிட்டதால், நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் விவசாயிகள் களைக்கொல்லியை நாடுகின்றனர். உரக்கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் புட்டிகள் அனைத்தும் அந்த ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. ஆனால் செடிக்குள் அவை செய்யும் வேலை ஒன்றல்ல. ஒன்று செடியை உள்ளுக்குள் பட்டினி போடுகிறது. மற்றொன்று வெயிலையே அதற்கு நஞ்சாக்குகிறது. இன்னொன்று அளவுக்கு மீறி வளரச் செய்து கொல்கிறது.

எந்த நேரத்தில் தெளிப்பது, கலங்கிய வாய்க்கால் நீரில் மருந்தைக் கலக்கலாமா, அடுத்த வயலின் பருத்தி ஏன் சுருண்டது, சென்ற ஆண்டு செத்த களை இந்த ஆண்டு ஏன் சாகவில்லை என்பன போன்ற கேள்விகள் பலவற்றுக்கு விடை இந்த மூலக்கூறு வேறுபாட்டில் உள்ளது.

பொய்ச் சாவி

செடியின் ஒவ்வொரு உயிரணுவிலும் ஆயிரக்கணக்கான நொதிகள் இயங்குகின்றன. ஒவ்வொரு நொதியிலும் ஒரு சிறு பள்ளம் உண்டு. குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு அதில் வந்து பொருந்தினால்தான் வேதிவினை நடக்கும். பெரும்பாலான களைக்கொல்லிகள், பூட்டுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும் பொய்ச் சாவியைப் போன்றவை. பொய்ச் சாவி உள்ளே இருக்கும்வரை உண்மையான சாவிக்கு இடமில்லை.

இதற்கு மிகவும் பேசப்படும் எடுத்துக்காட்டு கிளைபோசேட். அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் ஜான் பிரான்ஸ் என்ற வேதியியலாளர் 1970-ஆம் ஆண்டில் இதன் களைக்கொல்லும் திறனைக் கண்டறிந்தார். 1974-இல் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் அது செடியின் எந்த நொதியைத் தாக்குகிறது என்பது 1980-இல்தான் தெரியவந்தது. ஜெர்மனியின் போகும் நகர ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்தனர். மருந்து முதலில், விளக்கம் பின்னர் என்பது களைக்கொல்லி வரலாற்றில் புதிதல்ல.

அந்த நொதியின் பெயர் இ.பி.எஸ்.பி.எஸ். செடிகள் பீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோபேன் ஆகிய மூன்று அமினோ அமிலங்களையும் தாமே தயாரித்துக்கொள்ளும் 'ஷிகிமேட் பாதை'யில் அது ஒரு கட்டம். பிரியாணியில் இடும் அன்னாசிப்பூவுக்கு உறவான ஷிகிமி என்னும் ஜப்பானிய மரத்தின் பெயரே இப்பாதைக்குச் சூட்டப்பட்டுள்ளது. கிளைபோசேட், இந்த நொதியுடன் வழக்கமாக இணையும் பாஸ்போஈனால்பைருவேட் என்ற மூலக்கூறின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அமினோ அமிலங்கள் தீர்ந்துபோகின்றன. புதிய புரதங்கள் உருவாவதில்லை. தண்டுக்கு உறுதி தரும் லிக்னினுக்கும் மூலப்பொருள் இல்லாமல் போகிறது.

இவ்வளவும் ஒரே நாளில் நிகழ்வதில்லை. இலையில் விழுந்த கிளைபோசேட், சர்க்கரை செல்லும் குழாய்கள் வழியாகவே வேருக்கும் வளரும் நுனிகளுக்கும் பயணம் செய்கிறது. அதனால்தான் செடி மஞ்சளாகிக் காய ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகும். தெளித்து மூன்றாம் நாள் களை பச்சையாக நிற்பதைக் கண்டு மீண்டும் தெளிப்பது பணத்தை வீணாக்கும் செயல். வறட்சியில் வாடி நிற்கும் களையில் மருந்து சரியாக வேலை செய்யாததற்கும் இதுவே காரணம்: குழாய்களில் ஓட்டம் குறைந்தால் மருந்தின் பயணமும் குறைகிறது. கோரைப்புல் போன்ற, நிலத்தடியில் கிழங்கு விடும் களைகள் மேலே கருகிய பிறகும் கீழிருந்து துளிர்க்கின்றன. கிழங்கு வரை போதிய மருந்து சென்று சேரவில்லை என்பதே அதன் பொருள்.

தண்ணீரின் பங்கு

கிளைபோசேட் மூலக்கூறு மின்னேற்றம் மிகுந்தது. கால்சியம், மக்னீசியம், இரும்பு போன்ற உலோக அயனிகளைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். களிமண் துகள்களிலும் ஒட்டிக்கொள்ளும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரிலோ, மழைக்காலத்தில் செம்மண் கலந்து ஓடும் வாய்க்கால் நீரிலோ கலக்கப்படும் மருந்தின் ஒரு பகுதி, இலையைத் தொடும் முன்பே செயலிழந்துவிடுகிறது. தெளிப்பானில் முதலில் அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்துவிட்டுப் பிறகு மருந்தைச் சேர்க்கும் வழக்கம் இதிலிருந்து பிறந்ததே. விவசாயி குறை சொல்வது பெரும்பாலும் மருந்தை. பிழை சில வேளைகளில் தண்ணீரில் இருக்கிறது.

இதே பண்பு இலங்கையில் பெரும் விவாதத்துக்கு வித்திட்டது. அந்நாட்டின் வடமத்திய மாகாண விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோய்க்கு, கடின நீரின் உலோகங்களுடன் இணைந்த கிளைபோசேட் காரணமாக இருக்கலாம் என்ற கருதுகோள் 2014-இல் முன்வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இலங்கை அரசு அதைத் தடை செய்தது. தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு 2018-இல் தளர்வு அளிக்கப்பட்டு, 2022-இல் தடை நீக்கப்பட்டது. அந்தக் கருதுகோள் இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை.

மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் ஷிகிமேட் பாதை கிடையாது. அம்மூன்று அமினோ அமிலங்களுக்கும் நாம் உணவையே நம்பியிருக்கிறோம். கிளைபோசேட் மனிதர்க்குத் தீங்கற்றது என வாதிடுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது இதையே. ஆனால் இலக்கு இல்லை என்பதும் தீங்கு இல்லை என்பதும் ஒன்றல்ல. மண்ணிலும் மனிதக் குடலிலும் வாழும் பல பாக்டீரியாக்களுக்கு அப்பாதை உண்டு. இலையில் ஒட்டுவதற்காகப் புட்டியில் சேர்க்கப்படும் துணைப்பொருள்களுக்கும் தனி நச்சுத்தன்மை இருக்கலாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் கிளைபோசேட்டை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை.

இந்தியாவில் கிளைபோசேட் தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரில்லா நிலங்களுக்கும் மட்டுமே பதிவு செய்யப்பட்டது. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவு பிறப்பித்தது. அதை எதிர்த்து வேளாண் வேதிப்பொருள் தொழில்துறையினர் நீதிமன்றத்தை நாடினர்.

உணவில் இதன் எச்சத்தைக் கண்டறிவதும் எளிதன்று. மைசூருவில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்ற நிறுவனங்களின் ஆய்வகங்கள் உணவுப் பொருள்களில் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சோதிக்கின்றன. பொதுவாக ஒரே சோதனையில் பல வேதிப்பொருள்களைக் கரிமக் கரைப்பானில் பிரித்தெடுத்துக் கண்டறிய முடியும். நீரை மட்டுமே விரும்பும் கிளைபோசேட் அந்தக் கரைப்பானுக்குள் வருவதில்லை. அதற்கெனத் தனிச் சோதனை தேவை. ஆகவே, 'எச்சம் இல்லை' என்ற சான்றிதழைக் காண்போர், எந்தச் சோதனை செய்யப்பட்டது என்பதையும் கேட்பது நல்லது.

வெயிலே நஞ்சாகும்போது

மக்காச்சோளத்திலும் கரும்பிலும் தெளிக்கப்படும் அட்ரசின் வேறொரு வழியில் செயல்படுகிறது. இலையின் பசுங்கணிகத்தில் சூரிய ஒளி எலக்ட்ரான்களைத் தட்டி எழுப்ப, அவை ஒரு புரதத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிச் செல்கின்றன. அச்சங்கிலியின் தொடக்கத்தில் உள்ள டி1 என்ற புரதத்தில் அட்ரசின் அமர்ந்துகொண்டு வழியை அடைக்கிறது.

உணவு தயாரிக்க முடியாமல் செடி மெல்லச் சாகும் என்று தோன்றலாம். உண்மையில் அதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிறது. வெயில் நிற்பதில்லை, பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கிறது, போக்கிடம் இல்லாத ஆற்றல் அருகிலுள்ள ஆக்சிஜன் மீது பாய்ந்து அதைக் கொடிய வடிவமாக மாற்றுகிறது. அது உயிரணுச் சவ்வுகளை அரித்துவிடுகிறது.

அதே வயலில் நிற்கும் மக்காச்சோளம் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? அதன் டி1 புரதமும் களையினுடையதைப் போன்றதே. ஆனால் அட்ரசின் உள்ளே நுழைந்தவுடன், குளுடாதயோன் என்ற சிறு மூலக்கூறை அதனுடன் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதி மக்காச்சோளத்தில் மிகுதியாக உள்ளது. களைக்கு அந்த வேகம் இல்லை. பயிரைக் காத்துக் களையைக் கொல்லும் தெளிப்புகள் பலவற்றின் அடிப்படை இந்த வேக வேறுபாடே.

பாராகுவாட் இதைவிட மூர்க்கமானது. அது எந்தப் பூட்டையும் அடைப்பதில்லை. ஒளிச்சேர்க்கைச் சங்கிலியின் பிற்பகுதியில் வந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. பறித்ததை ஆக்சிஜனிடம் கொடுத்து சூப்பராக்சைடு என்ற நச்சு வடிவத்தை உண்டாக்குகிறது. வெறுங்கையுடன் திரும்பி வந்து மீண்டும் பறிக்கிறது. ஒரே மூலக்கூறு இச்சுழற்சியை எண்ணற்ற முறை நிகழ்த்தும். நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே இலை வாடிவிடும். அதே வேகம் அதன் குறையும் ஆகிறது: வேருக்குச் செல்லும் முன்பே இலை செத்துவிடுவதால், பல்லாண்டுக் களைகள் மீண்டும் துளிர்க்கின்றன.

இந்தச் சுழற்சிக்குப் பச்சையம்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; எலக்ட்ரான் தரும் எதுவும் போதும். மனித நுரையீரல் உயிரணுக்கள் பாராகுவாட்டைத் தாமே உள்ளிழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கும் அதே வினை நடக்கிறது. நோயாளிக்கு வழக்கம்போல் ஆக்சிஜன் அளித்தால் அதுவே தீங்கை அதிகரிக்கக்கூடும் என்பது மருத்துவர்கள் எதிர்கொள்ளும் கொடுமையான முரண். இதற்கு மாற்றுமருந்தும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் இதற்கு அனுமதி இல்லை; கேரள அரசு 2011-இல் தடை விதித்தது. இலங்கை 2008 முதல் படிப்படியாக விலக்கியது. அதன் பிறகு அங்கு பூச்சிமருந்து நஞ்சினால் ஏற்படும் இறப்புகள் குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது, வீட்டுக்குள் சேமிப்பது ஆகியவை வேறெந்த மருந்தைவிடவும் இதில் ஆபத்தானவை.

புட்டியின் மீதுள்ள சிவப்பு, மஞ்சள், நீல, பச்சை முக்கோணங்கள் மனிதர்க்கான உடனடி நச்சுத்தன்மையை மட்டுமே காட்டுகின்றன. மருந்து செடிக்குள் எந்த இடத்தைத் தாக்குகிறது என்பதை அவை சொல்வதில்லை.

வளரச் செய்து கொல்வது

1940-களில் அறிமுகமான 2,4-டி, செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைப் போல நடிக்கிறது. ஆக்சினை உணரும் டி.ஐ.ஆர்.1 என்ற புரதம் 2005-இல்தான் அடையாளம் காணப்பட்டது. ஆக்சின் அதில் அமர்ந்து, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மற்றொரு புரதத்தைப் பசை போல ஒட்டவைக்கிறது. அவ்வாறு ஒட்டப்பட்ட கட்டுப்பாட்டுப் புரதம் அழிக்கப்பட, வளர்ச்சி மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இயற்கை ஆக்சினைச் செடி விரைவில் சிதைத்து அளவைச் சீராக்கிவிடும். 2,4-டி எளிதில் சிதைவதில்லை. தண்டு முறுக்கிக்கொள்கிறது, இலை சுருள்கிறது, திசுக்கள் வீங்கி வெடிக்கின்றன. புல்லினப் பயிர்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். அகன்ற இலைச் செடிகள் தாங்குவதில்லை.

மைசூரு மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய இடம் இது. ஹெக்கடதேவனகோட்டை, நஞ்சன்கூடு வட்டாரங்களில் பருத்தி பயிரிடப்படுகிறது. 2,4-டி-க்கு மிக எளிதில் பாதிக்கப்படும் பயிர்களுள் பருத்தி முதன்மையானது. தக்காளியும் திராட்சையும் அவ்வாறே. அருகிலுள்ள மக்காச்சோளத்திலோ கரும்பிலோ தெளிக்கப்பட்ட மருந்தின் நுண்துளிகள் காற்றில் வந்தால் போதும், பருத்தி இலைகள் குறுகி விரல்கள்போல் பிளவுபட்டு வளரும். சரியாகக் கழுவப்படாத தெளிப்பானும் அதே விளைவைத் தரும். இதை நச்சுயிரி நோய் என்று கருதி வேறு மருந்து வாங்குவோரும் உண்டு.

மக்காச்சோளத்துக்கான டெம்போட்ரியோன், டாப்ரமேசோன் ஆகியவை களையை வெண்மையாக்குகின்றன. இலையின் நிறமிகளைக் காக்கும் பொருள்களைத் தயாரிக்க உதவும் எச்.பி.பி.டி. என்ற நொதியை அவை முடக்குவதால், பச்சையம் வெயிலில் வெளுத்துவிடுகிறது. பூங்காக்களில் சிவப்புத் தூரிகை போலப் பூக்கும் பாட்டில் பிரஷ் மரத்தின் அடியில் களைகள் குறைவாக இருப்பதை 1970-களில் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் கவனித்ததே இவ்வகை மருந்துகளின் தொடக்கம். அந்த ஆராய்ச்சியில் உருவான நிடிசினோன், பிறவியிலேயே டைரோசினைச் சிதைக்க இயலாத குழந்தைகளுக்கு இன்று உயிர்காக்கும் மருந்தாக உள்ளது. அந்த நொதி நமக்கும் இருப்பதால் இது இயன்றது.

நெல் வயலில் நெருக்கடி

நடவு முடிந்த சில நாள்களில் இடப்படும் பிரெடிலாக்ளோர், பியூட்டாகுளோர் ஆகியவை நீண்ட கொழுப்பு அமிலங்கள் உருவாவதைத் தடுத்து, முளைவிடும் களையை மண்மட்டத்திலேயே நிறுத்திவிடுகின்றன. முளைத்து இலைவிட்ட களை மீது அவற்றால் பெரும் பயனில்லை. அக்கட்டத்தில் இந்திய நெல் விவசாயிகள் பரவலாகக் கையிலெடுப்பது பிஸ்பைரிபாக் சோடியம்.

இது ஏ.எல்.எஸ். என்ற நொதியைத் தடுக்கிறது. வாலின், லியூசின், ஐசோலியூசின் ஆகிய அமினோ அமிலங்கள் அந்நொதியின்றி உருவாகா. எக்டேருக்குச் செயற்பொருள் 20 முதல் 25 கிராம் வரை போதும். கிளைபோசேட்டோ கிலோ கணக்கில் தேவைப்படும். மனிதர்க்கு இந்த நொதியும் இல்லை. சிக்கனமான, திறமையான மருந்து என்பதில் ஐயமில்லை.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஏ.எல்.எஸ். நொதியின் பள்ளத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் மருந்து பொருந்தாமல் போகலாம். நொதியோ தன் வேலையைத் தொடரும். லட்சக்கணக்கான களைச் செடிகளில் அத்தகைய மாற்றம் கொண்ட ஒன்றிரண்டு இயல்பாகவே இருக்கும். மருந்து அவற்றை உருவாக்குவதில்லை. மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு வயலைத் திறந்துவிடுகிறது. இவ்வகை மருந்துகளில் முதலாவது 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1987-இலேயே எதிர்ப்புத் திறன் கொண்ட களை தென்பட்டது.

இந்தியாவில் சத்தீஸ்கர், கேரள நெல் வயல்களைச் சேர்ந்த வட்டக்கோரையில் பிஸ்பைரிபாக் எதிர்ப்பு உறுதிசெய்யப்பட்டதாக 2021-இல் ஆய்வு வெளியானது. நாட்டில் இவ்வகையில் பதிவான முதல் நிகழ்வு அது. கேரளத்தின் வயநாடு, மைசூரு மாவட்டத்தின் எல்லையை ஒட்டியது. 1990-களில் ஹரியாணா, பஞ்சாப் மாநிலங்களின் கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரான் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் தெளித்ததால், சிறுகேனரிப் புல்லில் எதிர்ப்பு பரவி விளைச்சல் கடுமையாகச் சரிந்ததும் அறிந்ததே. அந்தப் புல் பூட்டை மாற்றிக்கொள்ளவில்லை. மருந்தை விரைவாகச் சிதைக்கக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கீரையினக் களை மூன்றாவது உத்தியைக் கையாண்டது: கிளைபோசேட் தாக்கும் நொதிக்கான மரபணுவை நூறு மடங்குக்கும் மேல் பெருக்கிக்கொண்டது. அத்தனை பூட்டுகளையும் அடைக்கப் போதுமான பொய்ச் சாவிகள் இல்லை.

களைக்கு உதவிய அதே மாற்றத்தைப் பயிருக்குள் கொண்டுவரவும் முடியும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாகினா 22 என்ற நெல் ரகத்தில் சடுதிமாற்றத்தைத் தூண்டி, இமாசெதாபிர் களைக்கொல்லியைத் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுத்தனர். 'ராபின்' எனப்படும் அதன் மாறிய ஏ.எல்.எஸ். மரபணுவை வழக்கமான கலப்பின முறையில் சேர்த்து, டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா பாஸ்மதி 1979, 1985 ஆகிய ரகங்களை உருவாக்கியது. 2021-இல் அவை அறிமுகப்படுத்தப்பட்டன. வேறு உயிரினத்தின் மரபணு இவற்றில் இல்லை. நேரடி நெல் விதைப்புக்கு இவை பேருதவி என்கின்றனர் ஆதரவாளர்கள். ஆனால் இமாசெதாபிரும் பிஸ்பைரிபாக்கும் ஒரே நொதியைத் தாக்குபவை என்பது கவனத்துக்குரியது. பயிரிலிருந்து காட்டு நெல்லுக்கு மகரந்தம் வழியே அம்மரபணு சென்றால், நெல்லைப் போலவே தோற்றமளிக்கும் அந்தக் களையை அடையாளம் காண்பதும் கடினம், கொல்வதும் கடினம். அமெரிக்காவிலும் மலேசியாவிலும் இது நடந்துள்ளது.

எனவே வேளாண் விஞ்ஞானிகள் வலியுறுத்தும் 'மருந்தை மாற்றித் தெளியுங்கள்' என்ற அறிவுரையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வணிகப் பெயரை மாற்றுவது மாற்றமே அல்ல. பிஸ்பைரிபாக்குக்குப் பதில் பெனாக்ஸ்சுலம் வாங்கினாலும் தாக்கப்படுவது அதே ஏ.எல்.எஸ். நொதிதான். அதற்கு மாறாக, புல்லினத்தின் கொழுப்பு நொதியைத் தாக்கும் சைஹாலோபாப், அல்லது நடவின்போதே இடும் பிரெடிலாக்ளோர், அல்லது கோனோவீடர் எனப்படும் உருளைக் களையெடுப்பான் உண்மையான மாற்றமாகும். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு புட்டியிலும் தாக்கும் இடத்துக்குரிய குழு எண் அச்சிடப்பட வேண்டும் என்பது கட்டாயம். இங்கும் அந்த எண் பெரிய எழுத்தில், கன்னடத்திலும் தமிழிலும் இருந்தால், கடைக்காரரின் பரிந்துரையை மட்டுமே நம்பியிருக்கும் நிலை மாறும். புதிய பூட்டுகள் எளிதில் அகப்படுவதில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகால இடைவெளிக்குப் பிறகே நெல்லுக்கான டெட்புளூபைரோலிமெட் என்ற புதுவகை மருந்து உருவாகியுள்ளது.

பச்சையமே இல்லாத களை

ஹுன்சூர், பிரியாபட்டணா புகையிலை வயல்களில் இந்த ஆயுதங்களில் பலவும் தோற்றுப்போகும் எதிரி ஒன்று உள்ளது. தமிழில் புகையிலைக் காளான் எனப்படும் ஓரோபாங்கி, பெயருக்கு மாறாக, பூக்கும் செடிதான். அதற்குப் பச்சையம் இல்லை. ஒளிச்சேர்க்கையே செய்யாத செடியிடம் அட்ரசினுக்கு அடைக்க வழியும் இல்லை, பாராகுவாட்டுக்குப் பறிக்க எலக்ட்ரான் சங்கிலியும் இல்லை.

புகையிலை வேர் மண்ணில் கசியவிடும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற வேதிப்பொருளை உணர்ந்த பிறகே அதன் விதை முளைக்கிறது. முளைத்ததும் வேருக்குள் துளைத்து, பயிரின் உணவையே உறிஞ்சுகிறது. மண்ணுக்கு வெளியே தலைகாட்டும்போது சேதத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். உள்ளே ஊடுருவும் மருந்தைப் பயிர் வழியாகவே அதற்கு ஊட்ட முடியும்; வட இந்தியாவில் கடுகுப் பயிரில் மிகக் குறைந்த அளவு கிளைபோசேட்டைக் கொண்டு இதைச் செய்து பார்த்துள்ளனர். அளவு சற்றுக் கூடினாலும் பயிர் கருகும் என்பதால் அது கத்திமுனை வித்தை.

ஒரு செடி லட்சத்துக்கும் மேற்பட்ட, தூசு போன்ற விதைகளை உதிர்க்கக்கூடியது. அவை மண்ணில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிருடன் கிடக்கும். ஆகவே பூப்பதற்கு முன்பே கையால் பிடுங்கி, வரப்பில் போட்டுவிடாமல் வயலுக்கு வெளியே கொண்டுசென்று எரித்துவிடுமாறு புகையிலை விவசாயிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது.